கேள்வித்தாளும் படியாளும்

ஏழை ஏன் ஏழையானான்? கேள்வி சிறிது. விடையோ, நெடுங்காலமாக இந்நாட்டிலே ஒரே சொல்லில் முடிந்து வந்தது: விதி! முற்பிறவியிலே செய்த வினை, இப்பிறவியிலே சேற்றில் நிற்கிறான் என்றனர். சொன்னவன் தலைநிமிர்ந்து நடந்தான். கேட்டவன் தலைகுனிந்து நின்றான். கேள்வி அங்கேயே மடிந்தது.

மடிந்த கேள்விக்கு உயிரூட்ட வாளும் வேண்டியதில்லை, வேலும் வேண்டியதில்லை. ஒரு தாளும் ஒரு பென்சிலும், உண்மையை அறியும் ஆவலும் போதும். இதனைக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று, ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே நடந்தது. அதன் வரலாறு பெருமைக்கும் உரியது, படிப்பினைக்கும் உரியது.

1915ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார் கில்பர்ட் ஸ்லேட்டர் எனும் ஆங்கிலேயர். அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவரல்லர் அவர்; உழைப்பாளர் கற்பதற்கென்று 1899இல் ஆக்ஸ்ஃபோர்டு நகரிலே நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். பின்னாளில், 1924இல், இந்தியப் பண்பாட்டிலே திராவிடக் கூறு எத்தகையது என்று ஆராய்ந்து நூல் எழுதியவரும் அவரே.

வந்தவர் என்ன செய்தார்? மாணவர்களின் கையிலே ஒரு கேள்வித்தாளைத் தந்தார். விடுமுறையிலே ஊருக்குப் போகிறீர்களே, அந்த ஊரையே படித்து வாருங்கள் என்றார். எத்தனை வீடுகள், எந்தெந்தச் சாதியினர், யாருக்கு எவ்வளவு நிலம், என்ன விளைகிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு? கேட்டு எழுதுங்கள், எண்ணி எழுதுங்கள் என்றார். மாணவர் சென்றனர். அன்றைய தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, நெல்லைக் கங்கைகொண்டான், இராமநாதபுரத்து வடமலாபுரம் ஆகிய சிற்றூர்களும் வேறு சிலவும் ஏட்டிலே ஏறின. 1918இல் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார் ஸ்லேட்டர்.

அந்நூலின் பக்கங்களிலே ஒருவன் நிற்கிறான், பாருங்கள்! இருவேல்பட்டின் படியாள். நிலக்கிழாரிடம் கடன் பெற்றான். அதைத் தீர்க்கும்வரை அவர் நிலத்திலே உழைப்பதாகக் கட்டுப்பட்டான். கடன் தீர்ந்ததா? தீரவில்லை. தந்தை பட்ட கடன் மகன் தலைமீது. மகன் பட்டது பேரன் தலைமீது! நிலக்கிழார் நிலத்தை விற்றால், மண்ணோடு மண்ணாக அவனும் கைமாறினான். ஏர் கைமாறுவதுபோல, எருது கைமாறுவதுபோல, மனிதன் கைமாறினான்!

இங்கேதான், தோழர்களே, விதியின் முகமூடி கழன்று விழுகிறது. சேற்றிலே அவனை நிறுத்தியது முற்பிறவியின் வினையன்று. இப்பிறவியின் கடன் கணக்கு! அவன் தலையிலே எழுதியவன் பிரமனல்லன். கணக்கேட்டிலே எழுதியவன் நிலக்கிழான்! பிரமன் எழுதியதென்றால் அழிக்க வழியில்லை. மனிதன் எழுதியதென்றால், மனிதன் அழிக்கலாம். சமூக ஆராய்ச்சி தரும் முதல் விடுதலை இதுவே.

ஆனால் பாராட்டியதோடு நின்றுவிடலாமா? கேள்வி கேட்கப் பழகிய நாம், கேள்வித்தாளையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். பென்சில் பிடித்த கை யாருடையது?

1914ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்திலே பதிவு பெற்ற பட்டதாரிகள் 650 பேர். அவர்களுள் பார்ப்பனர் 452 பேர். பார்ப்பனரல்லாத இந்துக்கள் 124 பேர். ஏனையோர் 74 பேர். எண்ணிப் பாருங்கள். ஊரை அளக்கச் சென்ற மாணவன், பெரும்பாலும், ஊரின் உயர்ந்த திண்ணையிலிருந்து இறங்கிச் சென்றவனாகத்தான் இருந்திருக்க முடியும். சேரியின் குடிசையிலிருந்து கேள்வித்தாளோடு புறப்பட ஒரு மாணவன் அன்று எங்கே இருந்தான்? அளந்தவன் ஒருவன், அளக்கப்பட்டவன் வேறொருவன். நூலோ ஆங்கிலத்திலே அச்சாயிற்று. நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுத்தறிவு எட்டாத அக்காலத்திலே, தன் கடனைப் பற்றி உலகம் படிக்கிறது என்பதைப் படியாள் எவ்விதம் அறிவான்? உண்மை வெளிவந்தது, உரியவனிடம் வந்து சேரவில்லை.

புள்ளிவிவரம் உரியவரிடம் சேர்ந்தால் என்ன நடக்கும்? அதற்கும் அதே காலம் சான்று தருகிறது. 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் பார்ப்பனரல்லாதார் அறிக்கையை வெளியிட்டார். அதிலே வசைமொழி இல்லை, சாபம் இல்லை, எண்கள் இருந்தன. பதவிகளில் யார் எத்தனை பேர், படித்தவர்களில் யார் எத்தனை பேர் என்ற கணக்கு இருந்தது. அந்த வாதத்தைத் தமிழ் மக்களிடம் தமிழிலேயே எடுத்துரைக்க 1917இல் 'திராவிடன்' நாளேடு தோன்றியது. மேடை பேசிற்று, ஏடு பேசிற்று, தெரு பேசிற்று. 1921இல் நீதிக்கட்சி ஆட்சியிலே வகுப்புவாரி ஆணை பிறந்தது. நூலகத்திலே உறங்கும் எண் வெறும் எண். மக்கள் நாவிலே ஏறிய எண் படைக்கலம்!

ஸ்லேட்டர் விதைத்தது வீணாயிற்று என்று கூற வரவில்லை. அவர் சென்ற ஊர்களுக்கு ஆராய்ச்சியாளர் மீண்டும் மீண்டும் சென்றனர். 1936-37இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் முன்னின்று மறு ஆய்வு நடத்தினர். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் எனும் அம்மையார் வந்தார். 1981இல் எஸ். குகனும் ஜோன் மென்சரும் இருவேல்பட்டை ஆராய்ந்தனர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவர் அதே ஊரின் நிலத்தையும் உழைப்பையும் சாதி அரசியலையும் ஆராய்ந்து, 1916 முதல் 2008 வரையிலான மாற்றத்தை எழுதினர். தலைமுறை தலைமுறையாகப் பிணைத்திருந்த படியாள் முறை மறைந்து போயிருந்தது. நிலக்கிழார் குடும்பத்தின் பழைய ஆதிக்கமும் தளர்ந்திருந்தது.

"ஆதியிலிருந்தே இப்படித்தான்" என்பார்க்கு இதைவிட மறுப்பு வேண்டுமோ? என்றும் மாறாதது என்று ஓதப்பட்டது, ஒரு நூற்றாண்டு நிறைவதற்குள் மாறிற்று! ஏன் மாறிற்று, எவ்வளவு மாறிற்று, எது இன்னும் மாறவில்லை என்று சொல்வதற்கு, முன்னோர் எழுதிவைத்த கணக்கு இருக்கிறது. அன்று எண்ணியிராவிட்டால், இன்று ஒப்பிட ஏது?

எனவே இளைஞர்களே, உங்கள் பணி இது. ஆராய்ச்சி என்பது பட்டம் பெற்ற சிலரின் தனிச்சொத்து என்று ஒதுங்காதீர்கள். உங்கள் ஊரிலே நிலம் யார் பெயரில் இருக்கிறது, சேரியிலிருந்து பள்ளிக்குச் செல்லும் பெண்கள் எத்தனை பேர், நடுவிலே நின்றவர்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள், எந்தக் கிணற்றிலே யார் நீர் எடுக்கிறார்கள்? கேளுங்கள். திண்ணையிலே மட்டும் கேட்காதீர்கள்; களத்துமேட்டிலே கேளுங்கள், அடுப்பங்கரையிலே கேளுங்கள். ஆணின் விடையோடு நிறுத்தாதீர்கள். பெண்ணின் விடையையும் பெறுங்கள். நம் கருத்துக்கு மாறான விடை வந்தால் மறைக்காதீர்கள். மறைப்பது புரோகிதன் தொழில், பகுத்தறிவாளன் தொழிலன்று.

இறுதியாக ஒன்று. எழுதியதை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடாதீர்கள். யாரிடம் கேட்டீர்களோ, அவர்கள் நடுவிலே நின்று, அவர்கள் மொழியிலே, உரக்கப் படியுங்கள். தவறென்றால் அவர்கள் திருத்தட்டும். சரியென்றால் அவர்களே சினந்து எழட்டும். அன்று படியாளைப் பற்றிப் பிறர் எழுதினர், பிறர் படித்தனர். இனி அவன் பேரன் எழுதட்டும். அந்த ஊர் கேட்கட்டும்!