பந்தயக் காணொளி விளையாட்டுகளில் கார் வகுப்புகளின் சமநிலை: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆற்றலில் வேறுபட்ட கார்கள் ஒரே தடத்தில் ஓடும்போது, வெற்றி ஓட்டுநரின் திறனுக்கு உரியதா, காரின் வலிமைக்கு உரியதா என்னும் வினா எழுகிறது. இதற்குப் பந்தயக் காணொளி விளையாட்டுகள் காலந்தோறும் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. வரம்பிடல், எண்ணால் அளத்தல், ஈடுசெய்தல் என்னும் மூன்று நிலைகளில் அவ்விடைகள் வளர்ந்ததையும், அதனால் வெற்றியின் பொருள் மாறியதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மெய்யான பந்தயங்களில் முன்வரலாறு

இச்சிக்கல் காணொளி விளையாட்டுகளுக்கு முற்பட்டது. 1923இல் பிரான்சின் லெ மான் நகரில் நடைபெற்ற முதல் 24 மணிநேரப் பந்தயத்தில், ஒவ்வொரு காரும் கடக்கவேண்டிய குறைந்தபட்சத் தொலைவு அதன் எந்திரக் கொள்ளளவைப் பொறுத்து வகுக்கப்பட்டது. 2006இல் தொடங்கிய எஃப்ஐஏ ஜிடி3 ஐரோப்பியப் போட்டித்தொடர் வேறு வழியை மேற்கொண்டது. அங்கு மாற்றப்பட்டது இலக்கு அன்று, கார். விரைவான கார்களின் எடை கூட்டப்பட்டது. எந்திரத்திற்குள் செல்லும் காற்று மட்டுப்படுத்தப்பட்டது. இம்முறை 'செயல்திறன் சமநிலை' எனப்பட்டது.

வரம்பிடல்

1997இல் ஜப்பானில் வெளிவந்த கிரான் டூரிஸ்மோ, கார்களின் வேற்றுமையையே தன் சுவையாகக் கொண்டது. பரிசுப் பணத்தால் கார் வாங்கி, அதன் உறுப்புகளை மேம்படுத்தி, வலிமையான காருடன் களமிறங்குவதே ஆட்டத்தின் போக்கு. 1999இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகம் பல பந்தயங்களுக்குக் குதிரைத்திறன் உச்சவரம்பை விதித்தது. எனினும், ஒரே குதிரைத்திறன் கொண்ட இரு கார்களுள் எடை குறைந்தது விரைவாக வேகம் பெறும். வளைவுகளிலும் அதற்கே நன்மை மிகுதி. ஆகவே ஓர் அளவுகோல் மட்டும் போதுமானதாக இல்லை.

எண்ணால் அளத்தல்

2007இல் வெளிவந்த ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் 2 ஒவ்வொரு காரின் திறனையும் ஒரே குறியீட்டெண்ணாகத் தொகுத்தது. உறுப்புகளை மாற்றினால் எண்ணும் மாறும்; எண் வரம்பைக் கடந்தால் கார் அடுத்த வகுப்பிற்குச் செல்லும். இதனால் வகுப்பின் உச்ச எண்ணைத் தொடும் வகையில் காரை அமைப்பதே ஒரு கலையாயிற்று. ஆனால் நீண்ட நேர்த்தடத்தில் எந்திர ஆற்றலும், வளைவுகள் மிகுந்த தடத்தில் குறைந்த எடையும் பிடிமானமும் பயன் தருகின்றன. எல்லாத் தடங்களுக்கும் பொதுவான ஓர் எண் இவ்வேறுபாட்டை முழுமையாகக் காட்ட இயலாது. ஒரே எண் பெற்ற கார்களுள் சில மட்டும் வீரர்களால் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டமைக்கு இதுவே காரணம்.

ஈடுசெய்தல்

2017இல் வெளிவந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட், இணையவழிப் போட்டிகளில் செயல்திறன் சமநிலை முறையைக் கைக்கொண்டது. ஒரு வகுப்பிலுள்ள ஒவ்வொரு காரின் ஆற்றலையும் எடையையும் விளையாட்டை உருவாக்கியோரே வரையறுத்தனர்; பின்னர் வந்த புதுப்பிப்புகளில் அவ்வளவுகளைத் திருத்தியும் வந்தனர். 2019இல் முழுமையாக வெளிவந்த இத்தாலியத் தயாரிப்பான அசெட்டோ கோர்சா கொம்பெடிட்சியோனெ, ஜிடி3 கார்களுக்கான சமநிலை அளவுகளைத் தடத்திற்கேற்ப வகுத்தது. முந்தைய நிலையின் குறை இவ்வாறு பெரிதும் களையப்பட்டது.

முடிவுரை

இம்மூன்று நிலைகளையும் நேர்மை நோக்கிய தொடர் முன்னேற்றமாக மட்டும் கருதுதல் பொருந்தாது. ஒவ்வொரு நிலையும் ஒரு திறனைப் போற்றி மற்றொன்றை ஒதுக்கியுள்ளது. முதல் நிலையில் காரைத் தேர்ந்து வளர்க்கும் அறிவும், இரண்டாவதில் வரம்பிற்குள் காரை அமைக்கும் நுட்பமும், மூன்றாவதில் ஓட்டும் திறனும் முதன்மை பெற்றன. 1997இல் ஆட்டத்தின் உயிராக இருந்த மேம்படுத்தல், சமநிலைப்படுத்தப்பட்ட போட்டிகளில் இடம் இழந்தது. அத்துடன், வெற்றியை வரையறுக்கும் பொறுப்பின் பெரும்பகுதி வீரரிடமிருந்து அளவுகளை வகுப்போரிடம் சென்றது. எனவே, சமநிலைப்படுத்தல் என்பது வெறும் கணக்கீடு அன்று. எத்திறன் வெற்றிக்கு உரியது என்னும் தீர்ப்பும் ஆகும்.