செரெங்கெட்டி விலங்கு வலசை

செரெங்கெட்டி விலங்கு வலசை என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் சவன்னா புல்வெளிகளில் தாவர உண்ணிகள் மழையையும் புல்லையும் பின்தொடர்ந்து ஆண்டுதோறும் மேற்கொள்ளும் சுழற்சியான இடப்பெயர்வு ஆகும். தன்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவும் கென்யாவின் மசாய் மாரா காப்பகமும் இதன் முதன்மையான நிலப்பகுதிகள். நூ அல்லது வில்டபீஸ்ட் எனப்படும் இரலை இனமே இதில் எண்ணிக்கையில் மிகுதி. வரிக்குதிரைகளும் தாம்சன் சிறுமான்களும் இவ்வலசையில் பங்குகொள்கின்றன. பல பத்தாண்டுகளுக்கான தரவுகள் கிடைப்பதால், விலங்குகளின் நகர்வைக் கணித மாதிரிகள் கொண்டு ஆராய்வதற்கு இவ்விடம் முக்கியமான களமாக விளங்குகிறது.

== வலசைச் சுழற்சி ==

ஏறத்தாழ டிசம்பர் முதல் ஏப்ரல் வரை விலங்குகள் தென்கிழக்கிலுள்ள குறும்புல் வெளிகளில் மேய்கின்றன. பெரும்பாலான நூ கன்றுகள் பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களுக்குள் இங்கு பிறக்கின்றன. மே, ஜூன் மாதங்களில் மந்தைகள் மேற்கு நோக்கி நகர்ந்து, பின் வடக்கே சென்று மாரா ஆற்றைக் கடக்கின்றன. அக்டோபர் வரை வடபகுதியில் தங்கிவிட்டு, நவம்பர் மழையுடன் தெற்கே திரும்புகின்றன.

== வலசைக்கான காரணம் ==

செரெங்கெட்டியில் மழையளவு தென்கிழக்கிலிருந்து வடமேற்கு நோக்கிக் கூடிக்கொண்டே போகிறது. மண்ணின் வளமோ இதற்கு நேர்மாறானது. தென்கிழக்கில் எரிமலைச் சாம்பல் படிந்த மண் உள்ளதால் அங்கு விளையும் புல்லில் கனிமச் சத்துகள் மிகுதி. ஆனால் கோடையில் அப்புல் காய்ந்துவிடும், குடிநீரும் கிடைக்காது. வடமேற்கில் கோடையிலும் புல் உண்டு. ஆனால் அதில் சத்து குறைவு.

ஓல்டோ, ஓல்ட், பிரிக்சல் ஆகிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, நூக்கள் அடுத்த கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் பலவற்றைக் கணினியில் ஒப்புருவாக்கிப் பார்த்தனர். மழை, புல்லின் சத்து ஆகிய எதிரெதிரான இவ்விரு சரிவுகளையும் சேர்த்துக்கொண்ட விதிகளே மெய்யான வலசைப் பாதைக்கு மிக நெருங்கி வந்தன.

== வெக்கை நோயும் மரங்களும் ==

1890களில் பரவிய வெக்கை நோயால் (ரிண்டர்பெஸ்ட்) மாடுகளோடு காட்டெருமைகளும் நூக்களும் பெருமளவில் மடிந்தன. பிற்காலத்தில் சுற்றுப்புற மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டதால் 1960களின் தொடக்கத்தில் இந்நோய் காட்டு விலங்குகளிடமிருந்தும் மறைந்தது. 1961இல் ஏறத்தாழ 2.6 இலட்சமாக இருந்த நூக்களின் தொகை 1977இல் ஏறத்தாழ 14 இலட்சமாக உயர்ந்தது.

இதன் விளைவு புல்வெளியோடு நிற்கவில்லை. மேயப்படாத புல் காய்ந்து தீக்கு எரிபொருளாகும். தீ மரக்கன்றுகளை அழிக்கும். நூக்கள் பெருகியதும் எரிவதற்கான புல் குறைந்து, காட்டுத்தீயின் பரப்பும் சுருங்கி, மரங்கள் கூடின. யானைகள், மழை, காற்றிலுள்ள கரியமில வாயு ஆகிய பிற காரணிகளோடு ஒப்பிட்ட மற்றொரு 2009ஆம் ஆண்டு ஆய்வு, மரங்களின் பெருக்கத்தில் தீ குறைந்ததன் பங்கே முதன்மையானது என்று காட்டியது. மரங்களில் கரிமம் சேர்வதால், மாடுகளுக்குப் போட்ட தடுப்பூசி ஒரு நிலப்பரப்பின் கரிம இருப்பையே மாற்றியது எனலாம்.

== நெடுஞ்சாலைத் திட்டம் ==

2010இல் தன்சானிய அரசு பூங்காவின் வடபகுதிக்குக் குறுக்கே சுமார் 53 கி.மீ. நீளத்துக்கு நெடுஞ்சாலை அமைக்கத் திட்டமிட்டது. இச்சாலை, நூக்கள் கோடையில் மாரா ஆற்றை அடையும் வழியில் அமைந்தது. 2011இல் மேற்கூறிய ஆய்வாளர்கள் சிங்க்ளேர், டாப்சன் ஆகியோருடன் சேர்ந்து தமது மாதிரியில் இத்தடையைச் சேர்த்து ஆராய்ந்தனர். சாலைக்காக இழக்கப்படும் நிலத்தால் மட்டும் பாதிப்பு மிகக் குறைவு; ஆனால் விலங்குகள் சாலையைக் கடக்க இயலாவிடில் நூக்களின் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையக்கூடும் என்பது அவர்களது முடிவு. 2014இல் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் பூங்காவினூடே தார்ச்சாலை அமைப்பதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

== மாரா ஆறு ==

ஆற்றைக் கடக்கும்போது ஆண்டுக்குச் சராசரியாக 6,250 நூக்கள் மூழ்கி இறப்பதாக 2017இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவ்வுடல்கள் பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் முதலைகளுக்கும் மீன்களுக்கும் உணவாகின்றன. எலும்புகள் பல ஆண்டுகள் மெல்லக் கரைந்து ஆற்றுக்குப் பாசுபரசு வழங்குகின்றன. எனவே வலசை நின்றுபோனால் ஆற்று உயிரினங்களும் பாதிக்கப்படும்.

== கணக்கெடுப்பு ==

1958இல் செருமானியரான பெர்னாடு கிரிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் சிறு விமானத்திலிருந்து விலங்குகளை எண்ணினர். பிற்காலத்தில், விமானம் இணைகோடுகளில் பறந்து எடுக்கும் ஒளிப்படங்களில் உள்ளவற்றை எண்ணி, முழுப் பரப்புக்கும் பெருக்கி மதிப்பிடும் முறை வழக்கமாயிற்று. இம்முறையில் நூக்களின் தொகை நெடுங்காலமாக 13 இலட்சம் அளவில் கூறப்பட்டு வந்தது.

செயற்கைக்கோள் படங்களில் செயற்கை நுண்ணறிவு கொண்டு எண்ணி 2025இல் வெளியிடப்பட்ட ஆய்வோ 6 இலட்சத்துக்கும் குறைவான நூக்களையே கண்டது. மரநிழலில் உள்ளவை படத்தில் தெரியாமல் போகலாம் என்பதால், இவ்வேறுபாடு மட்டுமே விலங்குகள் குறைந்துவிட்டன என்பதற்குச் சான்றாகாது. எனினும் மேய்ச்சல், தீ, மரம், சாலை பற்றிய மாதிரிகள் யாவும் நூக்களின் தொகையையே அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே சரியான எண்ணிக்கையை அறிவது இப்பகுதியின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது.