லண்டனில் இருந்து நிர்வகிக்கப்படும் பனிநிலம்: அந்தாட்டிக்காவில் யாருடைய சட்டம்?

மத்திய லண்டனில் உள்ள வெளிவிவகார அமைச்சில் இருந்தபடி ஓர் ஆணையாளர் நிர்வகிக்கும் நிலப்பரப்பு ஒன்று, ஐக்கிய இராச்சியத்தைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு பெரியது. நிரந்தரக் குடிமக்கள் என்று அங்கு எவரும் இல்லை. அதுதான் பிரித்தானிய அந்தாட்டிக்கப் பிரதேசம்.

1908 இல் பிரித்தானியா முதலில் இப்பகுதிக்கு உரிமை கோரியது. 1940களில் சிலியும் ஆர்ஜென்ரீனாவும் அதே நிலத்துக்குக் கோரிக்கை வைத்தன. இன்று பிரித்தானியாவின் ரொதேரா ஆய்வு நிலையம் நிற்கும் இடத்தை மூன்று நாடுகளும் தமதென்கின்றன. 1952 இல் ஹோப் குடாவில் தரையிறங்கிய பிரித்தானியக் குழுவினரின் தலைக்கு மேலாக ஆர்ஜென்ரீனப் படையினர் சுட்டார்கள். 1955 இல் லண்டன் சர்வதேச நீதிமன்றத்தை நாடியது. மற்ற இரு நாடுகளும் அதன் நியாயாதிக்கத்தை ஏற்க மறுத்ததால், வழக்கு விசாரணைக்கே வரவில்லை.

1959 டிசம்பர் 1 அன்று வொஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அந்தாட்டிக்க உடன்படிக்கையும் இந்தப் பிணக்கைத் தீர்க்கவில்லை. அப்படியே உறைய வைத்தது. அதன் நான்காம் உறுப்புரையின்படி பழைய கோரிக்கைகளை எவரும் கைவிடத் தேவையில்லை, ஏற்கவும் தேவையில்லை, புதிதாகக் கோரவும் முடியாது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். இதனால் இந்தியாவின் மைத்ரி நிலையம் நோர்வே கோரும் நிலத்திலும், பாரதி நிலையம் அவுஸ்திரேலியா கோரும் நிலத்திலும் சச்சரவின்றி இயங்குகின்றன. இந்தியா 1983 இல் உடன்படிக்கையில் இணைந்தது.

சரி, அங்கே ஒரு குற்றம் நடந்தால்? உடன்படிக்கையின் கீழ் வரும் பார்வையாளர்களும், நாடுகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் விஞ்ஞானிகளும் தத்தம் நாட்டுச் சட்டத்துக்கு மட்டுமே உட்பட்டவர்கள். நிலம் எவருடையது என்பதல்ல, கடவுச்சீட்டு எந்நாட்டினது என்பதே கணக்கு. ஆனால் சமையற்காரர், இயந்திரவியலாளர், உல்லாசப் பயணி ஆகியோரைப் பற்றி உடன்படிக்கை தெளிவாகப் பேசவில்லை. இரு நாடுகள் முரண்பட்டால் உடனே கலந்தாலோசிக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு இது போதாது.

இந்த இடைவெளியை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தால் அடைக்கப் பார்க்கிறது. பிரித்தானியாவின் 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிருந்து புறப்படும் பயணக் குழுவுக்கு முன்அனுமதி வேண்டும். எந்த நாடும் உரிமை கோராத பகுதியில் பிரித்தானியப் பிரசை செய்யும் குற்றமும் இங்கு செய்ததாகவே கொள்ளப்படும். இந்தியா தன் சட்டத்தை 2022 இல்தான் இயற்றியது.