மணிமுடி மறுத்தனர், எழுதுகோல் ஏந்தினாள்!

பாஸ்பரஸ் நீரிணையின் கரையிலே, கான்ஸ்டாண்டிநோபிள் மாநகரின் அரண்மனையிலே, ஊதா நிறக் கல் பதித்த அறை ஒன்று இருந்தது. அரியணையில் அமர்ந்திருக்கும் மன்னனின் மக்கள் பிறப்பதற்கென்றே அமைந்த அறை அது. கி. பி. 1083-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் அங்கே ஒரு பெண்மகவு பிறந்தது. பைசாந்தியப் பேரரசன் அலெக்சியசின் தலைமகள். அன்னா கொம்னேனா என்பது பெயர்.

முன்னாள் மன்னனின் மகன் கான்ஸ்டன்டைனுக்குத் தொட்டிலிலேயே அவளை மணம் பேசினர். அவன் அரசன், இவள் அரசி — இது ஏற்பாடு. 1087-இல் தம்பி ஜான் பிறந்தான். பிறந்தவன் ஆண்! ஏற்பாடு சரிந்தது. 1092-இல் அந்தச் சிறுவனின் தலையிலே இளவரசு முடி ஏறிற்று. அவன் ஆற்றிய அருஞ்செயல் யாது? அன்னா இழைத்த குற்றம் யாது? இரண்டும் பிறப்பு ஒன்றுதான்!

முடிதான் இல்லை, கல்வியேனும் உண்டா? அதற்கும் தடை இருந்தது. பழங்கிரேக்க இலக்கியத்திலே உலவும் பல தெய்வங்களின் கதைகள் மகளின் மனத்தைக் கெடுக்கும் எனப் பெற்றோர் அஞ்சினர். அவளோ அரண்மனைப் பணியாளருள் கற்றவர்களை நாடி, மறைவாகப் பாடம் கேட்டாள். அவள் மறைந்தபின் இரங்கலுரை எழுதிய ஜார்ஜ் டார்னிகஸ் என்பார் இதனைக் குறித்துள்ளார். பேரரசன் மகள் ஏட்டைத் தொடுவதற்கும் களவு வழியே கதி! ஆயினும் இலக்கணமும் மெய்யியலும் மருத்துவமும் கற்றுத் தேர்ந்தாள். தந்தை இறுதி நோயிலே கிடந்தபோது, மருத்துவர்களின் கருத்துகளைச் சீர்தூக்கும் பொறுப்பு அவளிடமே வந்தது.

1118-இல் அலெக்சியஸ் மாண்டான், ஜான் அரசனானான். அன்னா தன் கணவன் பிரையேனியசை அரசனாக்கச் சூழ்ச்சி செய்தாள், அவன் துணியாததால் அது தோற்றது என்று, அவள் காலத்துக்குப் பின் எழுதிய நிக்கேடஸ் கோனியாட்டஸ் கூறுகிறார். அந்தக் கதையைப் பலர் ஆய்வின்றி ஏற்றனர். பதவி வெறி பிடித்தவள் என்று படம் தீட்டினர். 2016-இல் லியனோரா நெவில் என்னும் ஆய்வாளர் அந்தப் படத்தையே ஐயுற்று நூல் எழுதினார். முடியை நாடும் ஆணுக்கு வீரன் என்று பெயர். நாடினாள் எனப்படும் பெண்ணுக்கோ வெறியள் என்று பெயர்! வழக்கின் தீர்ப்பை ஆய்வாளருக்கு விடுவோம். வழக்காடும் மொழியிலே உள்ள ஓரவஞ்சனையை நாம் காணத் தவறலாகாது.

தாய் ஐரீன் நிறுவிய பெண் துறவியர் மடத்தைச் சார்ந்து அன்னா வாழ்ந்தாள். கணவனும் புலமை மிக்கவன். வரலாறு எழுதத் தொடங்கி, முடிக்கும் முன்னரே மறைந்தான். அவன் நிறுத்திய இடத்திலே அவள் எழுதுகோலை எடுத்தாள். பதினைந்து பகுதிகள் கொண்ட ‘அலெக்சியாத்’ உருவாயிற்று.

வெறும் புகழ்மாலையா அது? புரட்டிப் பார்ப்போம். 1081-இல் அலெக்சியஸ் போருக்குப் புறப்படுமுன், ஆட்சிப் பொறுப்பைத் தன் தாய் அன்னா தலசேனாவிடம் ஒப்படைத்து ஆணை பிறப்பித்தான். பேர்த்தி அந்த ஆணையையே தன் நூலிலே தருகிறாள். பெண்ணொருத்தி பேரரசை நடத்தினாள் என்பதற்கு ஆவணம்! அதே ஆண்டு டைராக்கியம் களத்திலே நார்மானியர் தலைவன் ராபர்ட் கிஸ்கார்டிடம் தந்தை தோற்று ஓடியதையும் மறைத்தாளில்லை. அந்தக் களத்திலே, ஓடிய நார்மானிய வீரரை ஈட்டியேந்தி மடக்கித் திருப்பிய ராபர்ட்டின் மனைவியையும் வியந்து எழுதுகிறாள். பகைவன் மனைவி, எனினும் வீரம் வீரந்தானே!

1096-97-இல் முதற் சிலுவைப் போர்ப் படைகள் தலைநகரின் வாயிலிலே வந்து குவிந்தபோது அவளுக்கு வயது பதின்மூன்று. கண்டாள்; மறந்தாளில்லை. மேலை நாட்டார் அந்தப் போரைப் பற்றி எழுதிய ஏடுகள் பல. கிரேக்கர் பக்கம் நின்று விரித்துரைக்கும் வரலாறோ இவளுடையதே. வில்லைக் கால்களால் உதைத்து, நாணை இரு கைகளாலும் இழுத்துப் பூட்டும் மேலை நாட்டாரின் புதுவகை வில்லை அதன் உறுப்புகளோடு விளக்குகிறாள். ராபர்ட்டின் மகன் பொஹீமண்டைத் தீராப் பகைவன் என்கிறாள்; அவன் தோற்றப் பொலிவையும் மனம் விட்டுப் புகழ்கிறாள். நண்பனாயினும் தவற்றைச் சுட்டுக, பகைவனாயினும் சிறப்பைப் போற்றுக என்பதே வரலாற்றாசிரியர்க்கு அவள் வகுத்த நெறி.

அந்நெறியினின்று அவள் வழுவியதே இல்லையா? உண்டு. தந்தை என்றதும் தராசு சாய்கிறது. படைச் செலவுக்காகக் கோயில் செல்வத்தை எடுத்த செயலுக்குப் பரிந்து பேசுகிறாள். போகோமில் சமயத் தலைவன் பசில் என்பானைத் தீயிலிட்டுக் கொன்றதைத் தந்தையின் சமயப் பணி என்று பாராட்டுகிறாள். கற்ற நெஞ்சமும் தன் காலத்தின் மதவெறிக்கு இரையாயிற்று! கருத்துக்காக ஒருவனை எரித்தது கொடுமை. எழுதியவள் நம் மதிப்புக்குரியவள் என்பதற்காக அதை நாம் பூசி மெழுகோம். பகைவர்க்கும் நீதி வழங்குக என்று அவள் வகுத்த நெறியாலேயே அவளையும் அளக்கிறோம். அதுவே அவளுக்கு நாம் செய்யும் சிறப்பு.

இத்தனைக்குப் பின்னும் வழக்கு முடியவில்லை. போர்க்களத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பெண்ணால் எப்படி எழுத முடியும்? கணவன் விட்டுச்சென்ற குறிப்புகளே நூலின் பெரும்பகுதி — இப்படி 1996-இல் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். விடையை அன்னாவே எழுதி வைத்திருக்கிறாள். தந்தையோடு களம் கண்டு, பின்னர்த் துறவு பூண்ட முதுவீரர்களிடம் செய்தி திரட்டியதை, தனிமையிலே கழிந்த முப்பது ஆண்டுகளின் துயரோடு சேர்த்துக் கூறுகிறாள். போரை ஆராயும் ஆண் புலவன் ஒவ்வொருவனும் வாளேந்திப் போரிட்டா எழுதினான்? கேட்டான், கற்றான், எழுதினான். அவளும் அதையேதான் செய்தாள்!

ஜான் நாடாண்டு 1143-இல் மறைந்தான். அந்தப் பேரரசும் 1453-இல் வீழ்ந்தது. ஊதாக் கல் அறை இன்று இல்லை. அன்னாவின் ஏடு இருக்கிறது. அலெக்சியசின் ஆட்சியை அறிய விழைவோர் அவள் வாயிலைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. களவாகக் கற்ற அந்தச் சிறுமி கற்காமலே இருந்திருந்தால், ஒரு காலத்தின் பெரும்பகுதியே இருளில் அமிழ்ந்திருக்கும். அப்படி அடைக்கப்பட்ட கதவுகளுக்குப் பின்னே எத்தனை அன்னாக்கள் எழுதாமலே மடிந்தனரோ! அந்தக் கணக்கை எந்த வரலாற்று ஏடு தரும்?