சுருட்டும் சுவைஞரும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

ஆங்கிலத்தில் சுருட்டுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று சிகார், மற்றது செரூட். முதலாவது ஸ்பானியரிடமிருந்து போனது. இரண்டாவது நம்மிடமிருந்து போனது. பதினேழாம் நூற்றாண்டில் தமிழ்க் கரைகளில் வியாபாரம் செய்த ஐரோப்பியர், 'சுருட்டு' என்று நம்மவர் சொன்னதைத் தங்கள் நாவுக்கு ஏற்றபடி திரித்து எடுத்துப் போனார்கள். அவர்களுடைய அகராதிகளே இதை ஒப்புக்கொள்கின்றன. ஆனால் போன இடத்தில் இரண்டு சொற்களும் சம அந்தஸ்துடன் வாழவில்லை. சிகார் கனவான்களின் வரவேற்பறைக்குள் நுழைந்தது. செரூட் காலனிகளில் இருந்த சிப்பாய்களோடும் தோட்டத்துரைகளோடும் நின்றுவிட்டது. சிகாரின் ஒரு நுனி மூடியிருக்கும், அதை வெட்டித்தான் புகைக்க வேண்டும். செரூட்டுக்கு இரண்டு நுனியும் திறந்திருக்கும். பொருளில் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இவ்வளவுதான். மதிப்பில் உள்ள வித்தியாசத்தை அளப்பதற்கு இந்த அளவுகோல் போதாது.

ஒருவர் எப்படிச் சுருட்டு ரசிகர் ஆகிறார் என்ற கேள்வி எங்களுக்கு எழுந்தது எர்லாங்கனில். எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக வந்து, ஃபூர்த் நகருக்கு அருகே சிர்ண்டோர்ஃப் முகாமில் வரிசையில் நின்று, பிறகு பவேரியாவின் ஊர்களுக்குள் பிரிந்து போன தமிழர்களில் நாங்களும் அடக்கம். எர்லாங்கனே ஒரு அகதி நகரம். 1685இல் பிரெஞ்சு மன்னன் தன் புரட்டஸ்தாந்துக் குடிமக்களின் வழிபாட்டுரிமையைப் பறித்தபோது ஓடிவந்த ஹியூகனோக்களுக்காக, 1686இல் இந்தப் பகுதியின் சிற்றரசன் கிறிஸ்டியான் ஏர்ன்ஸ்ட் கட்டத் தொடங்கியதுதான் இன்றைய நகரத்தின் நேர்கோட்டுத் தெருக்கள். அவர்கள் காலுறை பின்னினார்கள், கையுறை தைத்தார்கள், தொப்பி செய்தார்கள். நூர்ன்பேர்க்கையும் ஃபூர்த்தையும் எர்லாங்கனையும் சுற்றியுள்ள கிராமங்களில் அதே நூற்றாண்டிலிருந்து புகையிலையும் விளைந்தது. நாம் ஏதோ புகையிலை தெரியாத மண்ணுக்கு வந்தோம் என்று எண்ண வேண்டியதில்லை.

முதல் இழுப்பில் சுருட்டை ரசித்த மனிதர் எவரும் இல்லை. தலை சுற்றும், வாயில் நீர் ஊறும், வியர்க்கும், பலர் வாந்தி எடுப்பார்கள். இது யாழ்ப்பாணத்துப் பொடியனுக்கும் பொது, பிரபு வீட்டுப் பிள்ளைக்கும் பொது. எனவே ருசியினால் ஒருவர் ரசிகரானார் என்று சொல்வது, நடந்து முடிந்த பிறகு கட்டும் நியாயம். ருசிக்கு முன்பே வேறொன்று அவரைப் பிடித்துவிடுகிறது.

பெரும்பாலும் அது ஒரு மனிதர். சிக்மண்ட் பிராய்டின் தகப்பன் ஓயாத புகைப்பிரியர். மகன் இருபத்து நான்கு வயதளவில் சிகரெட்டில் தொடங்கி விரைவிலே சுருட்டுக்கு மாறி, நாளுக்கு இருபது வரை புகைத்தார். 1923இல் தாடையில் புற்றுநோய் கண்டது. முப்பதுக்கு மேற்பட்ட சத்திர சிகிச்சைகளுக்குப் பின்னரும், 1939இல் இறக்கும் காலம் வரை, அவரால் அதைக் கைவிட முடியவில்லை. உலகத்தார் மனங்களை எல்லாம் அவிழ்த்துப் பார்த்தவருக்குத் தகப்பனின் வாயிலிருந்த அந்தப் பொருளை விட முடியாமல் போயிற்று.

சில வேளை அது ஒரு யுத்தம். கொலம்பஸின் மாலுமிகள் 1492இலேயே கியூபாவில் இலைச் சுருளைப் புகைத்த மக்களைக் கண்டார்கள். ஆனாலும் ஸ்பெயினுக்கு வெளியே ஐரோப்பா முந்நூறு வருடம் குழாயிலும் மூக்குப் பொடியிலும்தான் கிடந்தது. ஹம்பேர்க்கில் 1788இல் ஒரு சுருட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்டபோது வாங்குவோர் அதிகமில்லை. 1808இலிருந்து 1814 வரை ஸ்பெயின் மண்ணில் நெப்போலியனின் படைகளும் ஆங்கிலேயப் படைகளும் மோதிக்கொண்டன. அங்கே போன சிப்பாய்கள் திரும்பும்போது சுருட்டோடு திரும்பினார்கள். வீட்டிலிருந்த தம்பிமார் அதைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், ஐரோப்பா சுருட்டுக்கு மாறியது. சேர்ச்சிலும் அப்படித்தான். 1895 நவம்பரில், ஸ்பானியருக்கும் கியூபக் கிளர்ச்சியாளருக்கும் நடந்த சண்டையைப் பார்க்கப் போன இளம் அதிகாரி, தன் இருபத்தோராவது பிறந்தநாளை அங்கேயே கழித்து, ஹவானாச் சுருட்டோடு வாழ்நாள் உறவு கொண்டு திரும்பினார். அடுத்த வருடம் அவருடைய படை பெங்களூருக்கு வந்தது. அவர் திருச்சிச் சுருட்டின் அடிமை என்று நம்மவர் பெருமையாகச் சொல்வதுண்டு. உறையூர்க்காரருக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. 1887இல் கொனன் டொயில் தன் முதல் ஷேர்லக் ஹோம்ஸ் கதையில் கொலைகாரனைப் பற்றித் துப்புச் சொல்ல வைத்தது திருச்சிச் சுருட்டின் சாம்பல்தான். லண்டன் வாசகருக்கு அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியிராத அளவு அது அன்று அறிமுகமாயிருந்தது.

இன்னொன்று தடை. பேர்லின் தெருக்களில் புகைப்பது 1848 வரை குற்றம். குழாய் வீட்டோடு இருப்பவனின் அடையாளம் என்றும், சுருட்டு தெருவுக்கு இறங்குபவனின் அடையாளம் என்றும் ஆகிவிட்டிருந்ததால், கிளர்ச்சி மனம் கொண்ட மாணவனும் எழுத்தாளனும் சுருட்டைக் கையில் எடுத்தார்கள். மார்ச் புரட்சியில் அரசன் பணிந்து, எல்லாம் தந்தாயிற்று என்று ஒரு பிரபு கூட்டத்திடம் அறிவித்தபோது, புகைக்கவும் விடுவீர்களா, டியர்கார்டன் சோலையிலும் விடுவீர்களா என்று கேட்டார்களாம். விட்டோம் என்று அவரும் சொன்னாராம். புரட்சியின் மற்றப் பேறுகளை அரசர்கள் அடுத்த வருடமே பிடுங்கிக்கொண்டார்கள். சுருட்டுச் சுதந்திரம் மட்டும் நிலைத்தது. (2010இல் பவேரிய மக்கள் வாக்களித்து உணவகங்களுக்குள் புகைப்பதைத் தடுத்துவிட்டார்கள். அன்று வீட்டுக்குள் அனுமதி, தெருவில் தடை. இன்று தெருவில் அனுமதி, மண்டபத்தில் தடை. எர்லாங்கனின் சுருட்டுப் பிரியர்கள் குளிர்காலத்தில் பல்கனிகளில் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.)

1962இல் கியூபாமீது பூரண வர்த்தகத் தடை விதிக்கும் ஆணையில் ஒப்பமிடுமுன், கென்னடி தன் பத்திரிகைச் செயலாளர் பியர் சலிஞ்சரை அனுப்பிக் கியூபச் சுருட்டுகள் வாங்கி வரச் சொன்னார். சலிஞ்சர் ஆயிரத்து இருநூறு சுருட்டுகளோடு வந்தார். அதன் பின்னரே ஒப்பம். சலிஞ்சரே பிற்காலத்தில் சொன்ன கதை இது. அந்தத் தடை ஹவானாவை அழிக்கவில்லை. கிடைக்காத பொருளின் மகிமையை அதற்குக் கொடுத்தது. தொண்ணூறுகளில் அமெரிக்காவில் திடீரெனச் சுருட்டுப் பித்து எழுந்தபோது, ஒரு முறைகூட ஹவானாவைத் தொடாதவர்களும் அதன் ரசிகர்களாக இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்கும் 1990இலிருந்து பொருளாதாரத் தடை இருந்தது. நமது சுருட்டுக்கு அது எந்த மகிமையையும் தரவில்லை.

நம் வீடுகளில் சுருட்டுக்குள் பிள்ளைகள் நுழைந்த வழி எல்லாருக்கும் தெரியும். திண்ணையிலிருந்து அப்பு கூப்பிடுவார்: "டேய், குசினிக்குள்ள போய் இதைப் பத்த வைச்சுக் கொண்டு வா." அடுப்பிலே கொள்ளியை எடுத்து நுனியில் பிடித்தால் மட்டும் சுருட்டுப் பற்றாது, இழுக்கவும் வேண்டும். முற்றத்தைக் கடந்து வருமுன் அணைந்தும் விடக்கூடாது. கடமைக்காக இழுத்த அந்த இரண்டு இழுப்பில் இருமி, கண் கலங்கி, ஆச்சியிடம் ஏச்சு வாங்கி, பிறகு மெல்ல மெல்லப் பழகியவர்கள் அந்தத் தலைமுறையில் அநேகர். அதைச் சுவைப் பயிற்சி என்று யாரும் சொல்லவில்லை. ஹவானாவைத் தகப்பன் மகனுக்கு நீட்டினால் அது பாரம்பரியம். அப்புவின் சுருட்டைப் பேரன் பற்ற வைத்தால் அது கெட்ட பழக்கம்.

இத்தனைக்கும் அந்தச் சுருட்டின் பின்னாலிருந்த அறிவு சிறியதல்ல. இணுவில் புகையிலைக்கு ஒரு பெயர், வேறு ஊர்ப் புகையிலைக்கு வேறு பெயர். குடிலில் புகை போட்டுப் பதப்படுத்துவது ஒரு வித்தை, கோடாப் போடுவது இன்னொரு வித்தை. பல தலைமுறைகளாக யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சந்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரியினால் சுருங்க, தெற்குக்கான சுருட்டுத்தொழில் பெருகியது. கொக்குவில் போன்ற ஊர்களின் கொட்டில்களில் சுற்றிய சுருட்டு காலியிலும் மாத்தளையிலும் பதுளையிலும் நம்மவர் வைத்திருந்த கடைகளில் விற்றது. சிங்களக் கிராமத்தான் அதைச் 'சுருட்டு' என்றே இன்றும் சொல்கிறான். 1958இலும் 1977இலும் 1983இலும் கலவரக்காரர் தமிழ்க் கடைகளைத் தேடி வந்தபோது எரிந்தவற்றில் இந்தச் சுருட்டுக் கடைகளும் இருந்தன. எரித்தவர்களின் அப்பன்மாரும் அந்தக் கடையின் வாடிக்கையாளர்களாக இருந்திருப்பார்கள்.

கொட்டிலில் ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று கூலி. கை ஓய்ந்தால் கூலி ஓயும். ஆகவே ஒருவர் பத்திரிகையையோ தொடர்கதையையோ உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் உலக அரசியல் பேசிய இடம் அது. இடதுசாரிகள் யாழ்ப்பாணத்தில் சங்கம் கட்டிய தொழிலாளர்களில் இவர்களும் இருந்ததில் அதிசயமில்லை. ஹவானாவில் இதே வழக்கம் 1865இல் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில் தொடங்கியது. தொழிலாளர் திரும்பத் திரும்பக் கேட்ட டூமாவின் நாவலின் பெயர்தான், 1935இல் மொன்டே கிறிஸ்டோ என்ற சுருட்டுக்கு வைக்கப்பட்டது. அதே 1865இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் சுருட்டுத் தொழிலாளர் நாடு தழுவிய சங்கம் ஒன்றை அமைத்தார்கள். ஜேர்மனியில் அந்த அளவில் எழுந்த முதல் தொழிற்சங்கங்களில் அது ஒன்று. அவர்களுடைய பட்டறைகளிலும் வாசிப்பவர் இருந்தார். மூன்று நாட்டிலும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே தொழில் ஒரே பழக்கத்தைப் பெற்றெடுத்திருக்கிறது.

எர்லாங்கனின் சுருட்டுக் கடைகளுக்குள் எங்களில் சிலர் எட்டிப் பார்த்ததுண்டு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு சிறு அறை, சீடர் மரத்தட்டுகள், ஈரப்பதம் எழுபது வீதத்துக்கு அருகில் நிற்கும்படி ஒரு இயந்திரம். பேராசிரியர்களும் சீமன்ஸ் பொறியியலாளர்களும் வந்து, உள்ளிலை, கட்டும் இலை, மேலிலை என்று மூன்றையும் பிரித்துப் பேசுவார்கள். புதிதாக வருபவருக்குக் கடைக்காரர் முதலில் மென்மையானதைக் கொடுக்கிறார். எப்படி வெட்டுவது, எப்படிச் சாம்பலை விழாமல் வைத்திருப்பது என்று காட்டுகிறார். அங்கே பழக்கமாவது புகை மட்டுமல்ல, ஒரு பேச்சும்தான். நடுங்காத கையும் அவசரமில்லாத மாலையும் உள்ளவர்களின் பேச்சு. ஃபூர்த்தில் 1897இல் பிறந்த லூட்விக் ஏர்ஹார்ட் பொருளாதார அமைச்சராக வாயில் சுருட்டோடு படங்களில் தோன்றியபோது ஜேர்மனியர் கண்டதும் அதைத்தான். 1948 யூன் மாத நாணய மாற்றம் வரை கறுப்புச் சந்தையில் சிகரெட்டையே காசாகப் பாவித்த சனம், ஒரு அமைச்சர் ஆறுதலாகச் சுருட்டுப் புகைப்பதைப் பார்த்து, பஞ்சம் போய்விட்டது என்று நம்பியது.

அந்த அறையின் மணம் கொட்டிலின் மணம்தான் என்று எங்களில் வயதானவர்கள் சொல்கிறார்கள். விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பவர்களும் அவர்களே. கொட்டிலில் மேலிலையை விரலால் தடவி அதன் வயதைச் சொன்ன மனிதர்களை நாம் 'சுருட்டுக்காரர்' என்றோம். இங்கே அதையே காசு கொடுத்துக் கற்றுக்கொள்பவரைச் 'சுவைஞர்' என்கிறோம். படித்த யாழ்ப்பாணம் முன்னவர்களிடமிருந்து தன் பிள்ளைகளை விலக்கி வைத்தது. உத்தியோகம் கிடைத்தவன் சுருட்டைப் போட்டுவிட்டுச் சிகரெட்டை எடுத்தான். ஆகையால் நமக்குள் சுருட்டு ரசிகர் அற்றுப்போனதற்கு வெள்ளைக்காரனை மாத்திரம் குறை சொல்வது நேர்மையாகாது.

இப்போது ஊருக்குப் போய் வருபவர்களின் பெட்டிகளில் சில கட்டுச் சுருட்டும் வருகிறது, பெரும்பாலும் யாராவது ஒரு கிழவருக்காக. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விமானத்தில் வருபவர் ஐம்பது சுருட்டை வரியில்லாமல் கொண்டு வரலாம். ஜேர்மன் சுங்கத்தின் பட்டியலில் அதற்கு 'சிகாறன்' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஹவானாவும் கொக்குவிலும் அந்த ஒரே வரிக்குள்தான் வருகின்றன.