மறைந்த மதிலின் தடம்: தரங்கம்பாடியில் கள நடையும் ஒளிப்படச் சான்றும்

முன்னுரை

திருவில்லிபுத்தூரில் மதில் கோயிலைச் சூழ்ந்து நிற்கிறது. குடியிருப்பு அதற்கு வெளியே தேரோடும் வீதிகளை ஒட்டி விரிகிறது. தரங்கம்பாடியில் மதில் சூழ்ந்தது குடியிருப்பையே. திருமலை நாயக்கர் (1623-1659) பெயரால் வழங்கும் அரண்மனையைத் திருவில்லிபுத்தூரில் கண்டு பழகிய இராசபாளையம் பகுதி ஆய்வாளர்களுக்கு, ஏறத்தாழ அதே காலத்தில் தஞ்சை நாயக்கர் நிலத்தில் உருவான இக்கடற்கரை நகரம் நல்ல ஒப்பீட்டுக் களமாகும். ஆயினும் அந்நகர மதிலின் பெரும்பகுதி இன்று இல்லை. இல்லாத மதிலை நடந்து கண்டறிந்து ஒளிப்படமாகப் பதிவு செய்ய இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மதில் எழுந்த சூழல்

1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் அரசின் தூதர் ஓவே கெட்டேவுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் வழி டான்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. நகர மதில் அப்போது கட்டப்பட்டதன்று. அது 1660களில், எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்பவரின் தலைமையில் எழுப்பப்பட்டது. 1669இல் கப்பல் வந்து சேரும் வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் தாய்நாட்டின் உதவியின்றி டேனியர் அங்குத் தங்கியிருந்தனர். எனவே அம்மதிலைக் குடியேற்ற வல்லமையின் சின்னமாக மட்டும் படிப்பது பொருந்தாது. கைவிடப்பட்ட சிறு கூட்டம் ஒன்றின் அச்சமும் அதில் உண்டு.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்து 12.5 இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. 1861இல் நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை வந்தபின் வணிகம் அங்குச் சென்றது. நகரம் வளரவில்லை, தெருக்களின் பழைய அமைப்பு பெரிதும் எஞ்சியதற்கு இத்தேக்கமும் ஒரு காரணம் எனலாம்.

நடையும் ஒளியும்

நடையை மேற்கிலுள்ள நகர வாயிலில் தொடங்குதல் தகும். 1792இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட இவ்வாயிலைப் பலர் தனி நினைவுச்சின்னமாகவே படமெடுக்கின்றனர். அதன் இருபுறமும் சுவர் தொடர்ந்த இடம் சட்டகத்திற்கு வெளியே போய்விடுகிறது. வாயிலை நடுவில் வைக்காமல், வடக்கும் தெற்கும் ஒரு பக்கமாக நகர்ந்து எடுக்கும் படங்களே மதிலின் போக்கை உணர்த்தும். காலையில் வாயிலின் உட்புறமும் மாலையில் வெளிப்புறமும் ஒளி பெறும். ஆகவே ஒரே வேளையில் இரண்டையும் எடுத்துவிட முயல்வது வீண்.

வாயிலிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்லும் கிங்ஸ் தெருவில் 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயமும், சீகன்பால்கு எழுப்பிய 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயமும் உள்ளன. இவை பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளமையால் இங்கு விரிக்கவில்லை. குறுக்குத் தெரு ஒவ்வொன்றையும் அதன் இறுதி வரை நடந்து, தெரு எங்கு நிற்கிறது அல்லது திரும்புகிறது என்பதைக் குறித்து, அப்புள்ளிகளைப் பழைய நிலப்படத்தோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். மதிலைத் தேடுவோருக்கு ஆலய முகப்புகளைவிட இத்தெரு முனைகள் மிகுதியாகப் பேசும். ஒரு முனை மட்டும் சான்றாகாது. பல முனைகள் ஒரு கோட்டில் அமைந்தால்தான் அதை மதிலின் தடமாகக் கொள்ளலாம்.

சட்டகத்திற்கு வெளியே

கடற்கரையில் கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இக்கோயிலின் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்று குறிக்கிறது. நகர வரலாற்றை 1620இல் தொடங்கும் வழக்கத்திற்கு இக்கல்வெட்டே மறுப்பு. மீனவர் குடியிருப்போ பழைய மதிலுக்கு வடக்கே அமைந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அங்கு நேர்ந்த உயிரிழப்பு பெரிது. மரபுச்சின்ன நடை என்ற பெயரில் நிகழும் பயணங்களின் படத்தொகுப்புகளில் இக்குடியிருப்பு அரிதாகவே இடம்பெறுகிறது. மதில் போய்விட்டது, அது வகுத்த உள், புறம் என்னும் பிரிவு மட்டும் ஒளிப்படக் கருவியில் இன்னும் தொடர்கிறது.

மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டது. பின்னர் எஞ்சிய பகுதி புதுப்பிக்கப்பட்டது. சிதைந்த நிலையைக் காட்டும் பழைய படங்கள் பலவற்றில் எடுக்கப்பட்ட நாளோ திசையோ குறிக்கப்படவில்லை. அவற்றைக் கொண்டு அலை எவ்வளவு முன்னேறியது என்று கணக்கிட இயலாது. நாள், வேளை, நின்ற இடம், நோக்கிய திசை ஆகிய நான்கையும் குறித்து, அதே இடத்திலிருந்து ஆண்டுதோறும் எடுக்கப்படும் ஒரு படம், அழகிய நூறு படங்களைவிட ஆய்வாளருக்குப் பயன்படும்.