காலி அட்டைக்கு விலை வந்த கதை

காகிதத்துக்கு விலை வைக்கப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நம் ஊர்ப் பையன்கள் காலி சிகரெட் பெட்டியைக் கிழித்து அட்டையாக்கி விளையாடினார்கள். தரையில் வட்டம் போட்டு, ஆளுக்கு இத்தனை அட்டை என்று உள்ளே வைத்து, சில்லால் அடிக்க வேண்டும். வட்டத்தைத் தாண்டி வந்தது அடித்தவனுக்கு. பெட்டிக்கடை வாசலில் குவிந்து கிடந்த சார்மினார் சிகரெட் அட்டைக்கு மதிப்பு கம்மி, கிடைக்காதது உசத்தி. ரஜுலா கப்பல் நாகப்பட்டினத்துக்கு வந்துபோன காலத்தில், நாகூர் மாதிரி ஊரில் சிங்கப்பூர், பினாங்கு போய்வரும் சபராளிகள் கொண்டுவரும் வெளிநாட்டுப் பெட்டிக்குத்தான் மவுசு. ஒரே கப்பலில் நாலு பேர் வந்திறங்கினால் அந்த மவுசும் இறங்கும்.

இன்று கடைகளில் விற்கும், சேர்த்து மாற்றிக்கொள்ளும் சீட்டுகளின் (டிரேடிங் கார்டு) பூர்வீகமும் சிகரெட் பெட்டிதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஆலன் அண்ட் ஜின்டர் போன்ற கம்பெனிகள், பாக்கெட் நசுங்காமலிருக்க உள்ளே வைத்த அட்டையில் நடிகைகள், விளையாட்டு வீரர்கள் படத்தை அச்சடித்தன. வாங்கியவர்கள் சேர்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அதில் ஆட ஒன்றுமில்லை.

ஆட்டத்தைச் சேர்த்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆராய்ச்சி மாணவர். 1991-இல் அவர் கொண்டுபோன பலகை விளையாட்டைத் தயாரிக்க விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் பீட்டர் அட்கிசனிடம் பணமில்லை. கையோடு எடுத்துப்போய்ச் சட்டென்று ஆடி முடிக்கும்படி ஏதாவது கொடு என்றார் அட்கிசன். அப்படிக் கார்ஃபீல்ட் உருவாக்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டாட்டம் 1993 ஆகஸ்டில் வந்தது. ரம்மியில் சீட்டுக்கட்டு எல்லோருக்கும் பொது; இதில் அவரவர் வாங்கிச் சேர்த்ததே அவரவர் கட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் தனிச் சக்தி. முதல் விதிப்புத்தகத்தில் பந்தயமும் இருந்தது: ஆளுக்கொரு சீட்டை ஒதுக்கி வைத்து ஆட, ஜெயித்தவருக்கு இரண்டும். சில்லு ஆட்டத்தின் அதே சட்டம்! பின்னால் அதைக் கைவிட்டார்கள்.

அரிய சீட்டு நண்பர் கூட்டத்துக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும் என்பது கார்ஃபீல்டின் கணக்கு. ஜனங்களோ பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். ஒரே கட்டில் பலமான சீட்டுகள் குவிந்தன. 1994-இல் போட்டிகளுக்கு வரம்பு வந்தது: ஒரு சீட்டு நாலு பிரதிக்கு மேல் கூடாது, ‘பிளாக் லோட்டஸ்’ போன்ற பலமான சீட்டுகள் ஒன்றே ஒன்று. காசு மட்டும் ஜெயிக்கவில்லை. 1996-இல் அட்லாண்டா தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்ற ஆட்டக்காரர், யாரும் மதிக்காத மலிவுச் சீட்டுகளைச் சுற்று தவறாமல் இறக்கியே இரண்டாம் இடம் பிடித்தார். வேகமும் ஒரு பலம் என்று ஆட்டக்காரர்கள் படித்துக்கொண்டார்கள். ஜெயித்த கட்டிலிருக்கும் சீட்டுக்கு மறுவாரமே விலை ஏறுவதும் வழக்கமானது.

1995-இல் நிறுவனம் பழைய சீட்டுகளை ‘க்ரானிகிள்ஸ்’ என்று மறுபடி அச்சடித்துக் கொட்டியது. விலை சரிந்தது, சேர்த்து வைத்தவர்கள் கொதித்தார்கள். கப்பலில் நாலு சபராளி வந்திறங்கிய கதைதான். 1996-இல் ஒரு பட்டியல் போட்டு, இவற்றை இனி அச்சடிக்கவே மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். பிளாக் லோட்டஸ் அதில் உண்டு. 2021-இல் ஓவியர் கையெழுத்திட்ட உறையோடு ஒன்று 5,11,100 டாலருக்கு ஏலம் போனது.

சிகரெட் கம்பெனி எத்தனை பெட்டி விற்கும் என்பது எந்தப் பையன் கையிலும் இல்லை. மேஜிக்கிலோ அச்சு இயந்திரமும் வாக்கும் நிறுவனத்தின் ஒரே கையில் இருக்கின்றன. சீட்டை வாங்கி வைப்பவர் உண்மையில் நம்பிப் பணம் போடுவது அந்தக் கையைத்தான்.